எரு போட்டால் வாடும் செடி... சதுப்புக் காட்டிலிருந்து சந்தைக்கு வந்த ப்ளூபெர்ரி!

அமெரிக்காவின் நியூ ஜெர்சி என்றதும் நம்மவர்களுக்கு எடிசன் நகரும், அங்கிருக்கும் இந்தியக் கடைகளும், எந்நேரமும் நெரியும் நெடுஞ்சாலைகளும்தான் நினைவுக்கு வரும். மக்கள் நெருக்கத்தில் அமெரிக்க மாநிலங்களிலேயே முதலிடம் அதற்குத்தான். ஆனால், அதே மாநிலத்தின் தென்பகுதியில், மைல்கணக்கில் மரங்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு பெரும் காடு இருக்கிறது. 'பைன் பேரன்ஸ்' என்று பெயர். ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால், அந்தக் காட்டுக்குள் 'வைட்ஸ்பாக்' என்ற சின்னஞ்சிறு கிராமத்தை அடையலாம்.

ஏப்ரல் கடைசியில் அங்கே போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தரையெல்லாம் வெள்ளை மணல். ஓடைகளில் ஓடும் தண்ணீர் வடிகட்டிய கட்டன் டீ நிறத்தில் இருக்கும். அழுக்கு அல்ல, உதிர்ந்த இலைகளின் சாறும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்து கொடுக்கும் நிறம். அந்த ஓடைகளின் கரையிலும், காலை வைத்தால் பொதபொதவென்று அமுங்கும் சதுப்பின் மேடுகளிலும் ஆள் உயரப் புதர்கள் நிற்கும். அவற்றில் கொத்துக் கொத்தாகப் பூக்கள். ஒவ்வொரு பூவும் கவிழ்த்து வைத்த குட்டிக் குடம்போல, வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அருகில் போனால் 'ர்ர்ர்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும்.

அதுதான் ப்ளூபெர்ரி செடி. இன்று சூப்பர் மார்க்கெட்டில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, யானை விலைக்கு விற்கிறார்களே, அந்தப் பழத்தின் பூர்வீகங்களில் இந்தச் சதுப்பும் ஒன்று. அது தோட்டப் பயிராகி வந்த கதை நடந்ததும் இந்த வைட்ஸ்பாக்கில்தான்.

'பாழ்நிலம்' என்று பெயர் வைத்தார்கள்

'பேரன்ஸ்' என்றால் விளைச்சலற்ற நிலம் என்று அர்த்தம். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்த பெயர் அது. கோதுமை போட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. மண்ணில் சத்து கிடையாது, முழுக்க மணல், போதாததற்குக் கடும் அமிலத்தன்மை. எனவே அங்கே விவசாயத்தை விட்டுவிட்டு, சதுப்பில் கிடைத்த இரும்புத் தாதுவை உருக்கினார்கள். மணலை உருக்கிக் கண்ணாடி செய்தார்கள். மரத்தைச் சுட்டுக் கரியாக்கினார்கள். வேறு இடங்களில் நல்ல தாதுவும் நிலக்கரியும் கிடைத்ததும் இரும்பு உலைகள் மூடப்பட்டன. மக்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போய்விட்டார்கள்.

தங்கியவர்கள் காட்டை நம்பி வாழ்ந்தார்கள். பருவத்துக்கு ஒரு வேலை. பாசி சேகரிப்பார்கள், விறகு வெட்டுவார்கள், கோடையில் காட்டு ப்ளூபெர்ரியைப் பறித்து விற்பார்கள். இலையுதிர் காலத்தில் கிரான்பெர்ரித் தோட்டங்களில் கூலி வேலை. ஊர்க்காரர்கள் இவர்களை 'பைனி' என்று இளக்காரமாக அழைத்தார்கள். 1913-ல் வெளிவந்த ஓர் அறிக்கை, இந்த மக்களில் பலரை அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்றே சித்திரித்தது. மாநில ஆளுநர் நேரில் வந்து பார்த்துவிட்டு, இவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார்.

நிலத்துக்குப் 'பாழ்' என்று பெயர். அதில் வாழ்ந்தவர்களுக்கு 'மந்தம்' என்று பெயர். இரண்டுமே தவறு என்பதை ஒரு செடி காட்டிக் கொடுத்தது.

தோட்டத்துக்கு வர மறுத்த செடி

ப்ளூபெர்ரி புதிய பழம் அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிகள் அதை உண்டும், உலர்த்திச் சேமித்தும் வந்தவர்கள். ஆனால், 1900-களின் தொடக்கம் வரை அது முழுக்கக் காட்டுப் பழமாகவே இருந்தது. புதரைத் தோண்டி வந்து தோட்டத்தில் நட்டவர்கள் உண்டு. நல்ல கருப்பு மண்ணில், எரு போட்டு, சுண்ணாம்பு தூவி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். செடி மஞ்சளாகி, குன்றி, செத்துப் போனது. 'இது வளர்ப்புக்கு ஆகாத செடி' என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியல் அறிஞர் ஃபிரெடரிக் வெர்னன் கோவில் அந்த முடிவை ஏற்கவில்லை. 1906-ல் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வெவ்வேறு மண்ணில் நாற்றுகளை வளர்த்துப் பார்த்தார். உரமிட்ட தோட்ட மண்ணில் நாற்று நோயாளிபோல நின்றது. சதுப்பிலிருந்து எடுத்த அமிலத்தன்மை மிக்க மக்கு மண்ணில் அதே நாற்று தளதளவென்று வளர்ந்தது. இத்தனை நாள் செடியைக் கொன்றது அலட்சியம் அல்ல, தவறான கவனிப்பு!

காரணம் வேரில் இருக்கிறது. ப்ளூபெர்ரியின் வேர்கள் நூல்போல மெல்லியவை. மற்ற செடிகளுக்கு இருப்பதுபோன்ற வேர்த்தூவிகள் இல்லாதவை. அமில மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை அந்த வேர்களோடு கூட்டு வைத்துக்கொண்டு சத்தை எடுத்துக் கொடுக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், மண்ணிலேயே இரும்பு இருந்தாலும் செடியால் அதை எடுக்க முடியாது. இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போகும்.

இன்னொரு விஷயத்தையும் அவர் கண்டார். குளிரில் நடுங்க வேண்டாமே என்று கண்ணாடிக் கூடத்துக்குள் கதகதப்பாக வைத்த செடிகள், வசந்தம் வந்தும் சரியாகத் துளிர்க்கவில்லை. வெளியே பனியில் நின்றவை பூத்துக் குலுங்கின. குளிர் அதற்குத் துன்பம் அல்ல, தூக்கம். அந்தத் தூக்கம் முழுசாகக் கிடைத்தால்தான் அது விழித்துப் பூக்கும்.

இவற்றையெல்லாம் எழுதி, 1910-ல் வேளாண் துறை வெளியீடாகக் கொண்டுவந்தார்.

துளை போட்ட தகடு

அந்த வெளியீடு 1911-ல் வைட்ஸ்பாக்கில் இருந்த எலிசபெத் கோல்மன் வைட் என்ற பெண்ணின் கைக்கு வந்தது. ஊரின் பெயரே அந்தக் குடும்பத்துடையது. 'வைட் குடும்பத்தின் சதுப்பு' என்று பொருள். அப்பா ஜோசப் வைட் அந்த வட்டாரத்தின் பெரிய கிரான்பெர்ரி விவசாயி. நான்கு பெண் பிள்ளைகளில் மூத்தவர் எலிசபெத். அப்போது அவருக்கு வயது 40-ஐ நெருங்கியிருந்தது.

கிரான்பெர்ரி அறுவடை இலையுதிர் காலத்தில். காட்டு ப்ளூபெர்ரி பழுப்பது ஜூன் கடைசி, ஜூலையில். இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்த உறவுக்காரச் செடிகள். ஒரே சதுப்பில், ஒரே கூலியாட்களுக்கு, வெவ்வேறு மாதத்தில் வேலையும் வருமானமும் கிடைக்குமே என்று எலிசபெத் கணக்குப் போட்டார். ஃபிரெடரிக்குக்குக் கடிதம் எழுதி, 'எங்கள் நிலத்தில் உங்கள் ஆராய்ச்சியைச் செய்யுங்கள்' என்று அழைத்தார். அப்பாவும் சம்மதித்தார்.

இனப்பெருக்கம் செய்ய நல்ல தாய்ச்செடிகள் வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் சதுப்பில் அவை எங்கே இருக்கின்றன? ஆராய்ச்சியாளருக்குத் தெரியாது. எலிசபெத்துக்கும் தெரியாது. வருடா வருடம் அந்தச் சேற்றில் இறங்கிப் பழம் பறித்த 'பைனி' மக்களுக்குத் தெரியும். எந்த ஓடை வளைவில் எந்தப் புதர் பெரிய பழம் தரும், எது புளிக்கும், எது முந்திப் பழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில்.

எலிசபெத் ஓர் எளிய கருவி செய்தார். ஓர் உலோகத் தகட்டில் எட்டில் ஐந்து பங்கு அங்குலத்துக்கு, அதாவது சுமார் 16 மில்லிமீட்டருக்கு, ஒரு துளை. பழத்தை அதில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் வேண்டாம். துளையில் நுழையாமல் நின்றால், அந்தப் புதருக்கு அடையாளம் வைத்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். கண்டுபிடித்தவருக்குப் பரிசுப் பணம் உண்டு. சதுப்புக்குள் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுவதற்கும் தனியாகக் கூலி உண்டு. அதோடு இன்னொன்று: புதருக்குக் கண்டுபிடித்தவரின் பெயரையே வைப்பார்கள்.

பழத்தின் அளவு முதல் வடிகட்டல் மட்டும்தான். ருசி, தோலின் உறுதி, பனியைத் தாங்கும் திறன், காய்ப்பின் அளவு எல்லாம் பார்த்தார்கள். சுமார் 100 புதர்கள் இப்படித் தேடி எடுக்கப்பட்டன. தோண்டி வந்து, பிரித்து நட்டு, கிளை வெட்டிப் பதியம் போட்டுச் சோதித்தார்கள். கடைசியில் தேறியவை சிலவே.

ரூப் லீக்கின் புதர்

ஹார்டிங், ஆடம்ஸ், டன்ஃபி, க்ரோவர்... இவையெல்லாம் அந்தப் புதர்களின் பெயர்கள். அவற்றைக் காட்டிக் கொடுத்த மனிதர்களின் பெயர்கள். சில பெயர்களில் சின்னச் சிக்கல்கள் வந்தன. சாம் லெமன் என்பவர் ஒரு புதரைக் காட்டினார். ப்ளூபெர்ரிக்கு 'லெமன்' என்று பெயர் வைத்தால் வாங்குகிறவர் குழம்ப மாட்டாரா? எனவே 'சாம்' என்று வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த புதரைக் காட்டியவர் ரூப் லீக். ஆங்கிலத்தில் 'ரூப்' என்றால் பட்டிக்காட்டான் என்று ஒரு கேலிப் பொருள் உண்டு. 'லீக்' என்பதோ ஒருவகை வெங்காயத் தாள். யோசித்த எலிசபெத், முதல் பெயரோடு குடும்பப் பெயரின் முதல் எழுத்தை ஒட்டி 'ரூபெல்' என்று வைத்தார்.

1916-ல் வைட்ஸ்பாக்கிலிருந்து முதல் முறையாகத் தோட்ட ப்ளூபெர்ரி சந்தைக்குப் போனது. பெட்டியை மூடினால் பழம் தெரியாது, திறந்து வைத்தால் தூசு படியும். எனவே, உள்ளே இருப்பது தெரியும்படி செல்லஃபேன் தாள் சுற்றி விற்ற முன்னோடிகளில் எலிசபெத்தும் ஒருவர். 1927-ல் நியூ ஜெர்சி ப்ளூபெர்ரி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். இன்று உலகமெங்கும் விளையும் உயரவகை ப்ளூபெர்ரிகளின் வம்சாவளியைத் தேடிப் போனால், மிகப் பலவற்றின் முன்னோர்களில் ரூபெல் இருக்கும்.

ரூப் லீக்குக்குக் கிடைத்தது ஒரு சில டாலர்கள். புதரின் மதிப்போடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால், தாவர உலகில் காட்டைக் காட்டிக் கொடுத்தவரின் பெயர் தங்குவது அபூர்வம். இங்கே தங்கிவிட்டது.

ஈரத் தோட்டத்தில் வளர்ப்பது எப்படி?

நியூ ஜெர்சியிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்கும் ஈர மூலை இருந்தால், பலர் மண் கொட்டி மேடாக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பதில், அந்த மண்ணுக்கே உரிய ப்ளூபெர்ரியை நடலாம். வசந்தத்தில் பூ, கோடையில் பழம், இலையுதிர் காலத்தில் நெருப்பாய்ச் சிவக்கும் இலை, பனிக்காலத்தில் செந்நிறக் குச்சிகள் என்று வருடம் முழுவதும் அழகு. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் குளிர் வந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்பார்கள். இந்தச் செடியை அப்படிச் செய்யக் கூடாது. வடக்கத்திய வகைகளுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறக்குறைய 800 முதல் 1,000 மணி நேரக் குளிர் தேவை.

மண்: முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பி.ஹெச். அளவு 4.5-லிருந்து 5.5-க்குள் இருப்பது நல்லது. ஏறக்குறைய நம் நீலகிரித் தேயிலை கேட்கும் அளவு. அளவு கூடுதலாக இருந்தால் நடுவதற்குப் பல மாதங்கள் முன்பே கந்தகத் தூள் கலக்க வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெதுவாகத்தான் அமிலமாக மாற்றும்.

மேடு: ஈரம் வேண்டும், ஆனால் வேர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. சதுப்பிலும் இது சின்னச் சின்னத் திட்டுகளின் மேல்தான் நிற்கிறது. எனவே ஈர மூலையில் அரை அடி, முக்கால் அடி உயரத்துக்கு மேடு கட்டி, அதில் நட வேண்டும். மணலும், பீட் மாஸ் அல்லது நன்கு மக்கிய மரத்தூளும் கலந்த மண் போதும். கோகோபீட்டில் அவ்வளவு அமிலத்தன்மை இல்லாததால், அது மட்டும் போதாது.

இடைவெளி: செடிக்குச் செடி நான்கைந்து அடி. நல்ல வெயில் படும் இடமாக இருந்தால் காய்ப்பு கூடும்.

மூடாக்கு: வேர் மேலோட்டமாகவே படரும் என்பதால் மண்வெட்டியால் கொத்தக் கூடாது. பைன் ஊசியிலை, மரப்பட்டைத் துண்டுகளை மூன்று நான்கு அங்குலம் பரப்பி வைத்தால் ஈரமும் நிற்கும், களையும் அடங்கும்.

உரம்: இங்கேதான் பாசம் எதிரியாகும். சாணமும் கோழி எருவும் வேண்டாம். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் இரண்டும் கூடவே கூடாது. அவை அமிலத்தைக் குறைத்துவிடும். அமில மண் செடிகளுக்கான உரத்தை வசந்தத்தில் கொஞ்சமாகப் போட்டால் போதும்.

தண்ணீர்: மழை நீர்தான் உத்தமம். உப்புத் தண்ணீரில், கடின நீரில் உள்ள சுண்ணாம்பு வருடக்கணக்கில் சேர்ந்து மண்ணை மாற்றிவிடும்.

பூ: முதல் வருடப் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராதுதான். ஆனால் அந்தச் சக்தி வேருக்குப் போனால், செடி பல பத்தாண்டுகள் நின்று காய்க்கும். ஒரே பருவத்தில் பூக்கும் இரண்டு வகைகளைப் பக்கத்தில் நட்டால் பழம் பெரிதாகும்.

பூவைச் சுற்றிக் கேட்கும் அந்த ரீங்காரத்துக்கும் காரணம் உண்டு. இந்தப் பூவின் மகரந்தம் சின்னத் துளை வழியாகத்தான் உதிரும். உடலெல்லாம் ரோமம் அடர்ந்த பெரிய காட்டுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கியதுபோல மகரந்தம் கொட்டும். வளர்ப்புத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. எனவே பூச்சிமருந்து அடிக்காத, காட்டுத் தேனீ வந்து போகும் தோட்டத்தில்தான் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம்.

தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலில் இந்தக் குளிர்தேசத்து வகை தேறாது. ஆனால் இதன் சொந்தக்காரர்கள் நம்மிடமும் உண்டு. நீலகிரியின் சோலைக்காடுகளில் ப்ளூபெர்ரியின் அதே பேரினத்தைச் சேர்ந்த சிறு மரங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. அங்கே செக்கச் செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசும் இதே குடும்பம்தான்.

விமான நிலையம் ஆகவிருந்த காடு

'பாழ்நிலம்' என்ற பெயர் பின்னாளிலும் இந்தக் காட்டை விடவில்லை. 1960-களில், சும்மா கிடக்கும் இடம்தானே என்று, அங்கே ஒரு பிரமாண்ட விமான நிலையமும் புது நகரமும் கட்டத் திட்டம் போட்டார்கள். அந்த மணலுக்கு அடியில் 17 லட்சம் கோடி கேலன் நல்ல தண்ணீர் இருக்கிறது என்பதைச் சிலர்தான் யோசித்தார்கள். 1968-ல் எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ இந்தக் காட்டையும் மக்களையும் பற்றி எழுதிய புத்தகம் பலரையும் அசைத்தது. படித்தவர்களில் ஒருவர் பிரெண்டன் பைர்ன். பின்னர் மாநில ஆளுநர் ஆனவர். 1978-ல் சுமார் 11 லட்சம் ஏக்கர் பரப்பு, அமெரிக்காவின் முதல் தேசியக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் மாநிலச் சட்டமும் வந்தது. வைட்ஸ்பாக் இருக்கும் காடு இன்று அந்த ஆளுநரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எலிசபெத் 1954-ல் மறைந்தார். கடைசிவரை அந்தக் கிராமத்துத் தோட்டத்தில் நாட்டுச் செடிகளையே வளர்த்தார். காட்டில் அற்றுப்போய், தோட்டங்களில் மட்டும் பிழைத்திருக்கும் ஃபிராங்க்ளினியா என்ற மரத்தையும் பெருக்கிப் பலருக்குக் கொடுத்தார். இப்போது ஓர் அறக்கட்டளை அந்தக் கிராமத்தைப் பராமரிக்கிறது. பழைய கூலியாட்களின் குடியிருப்புகளையும் கிரான்பெர்ரிக் குளங்களையும் மணல் பாதைகளில் நடந்தே பார்க்கலாம். பழம் பழுக்கும் கோடையில் ப்ளூபெர்ரித் திருவிழா நடக்கும். 2003-ல் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கோரிக்கை வைத்து, ப்ளூபெர்ரியை நியூ ஜெர்சியின் மாநிலப் பழமாகவே அறிவிக்க வைத்தார்கள்.

ரூபெல் செடி இன்றும் அமெரிக்க நர்சரிகளில் விற்பனைக்குக் கிடைக்கிறது. அதன் பேரன் பேத்திகளான புது வகைகள் எவ்வளவோ பெருத்துவிட்டன. ஒரு காலத்தில் எலிசபெத்தின் தகட்டுத் துளையில் நுழையாமல் நின்று ஜெயித்த பழம், இன்றைய விலைப்பட்டியலில் 'சிறிய பழம், நல்ல ருசி' என்ற குறிப்போடு இருக்கிறது. காட்டு ருசி வேண்டும் என்கிறவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.